போவதா இருப்பதா என்பது எங்கள் முடிவாக இருக்கட்டும்: கவுன்டி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

கவுன்டி மன்றத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

தென் கரோலினா மாநிலக் கரையோரத்தில் உள்ள எங்கள் தீவின் வடகரையில் எங்கள் முன்னோர் அடங்கியிருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் அதையொட்டிய படகுத்துறைக்கும் செல்லும் மண்பாதையைப் பொதுப்பாதைப் பட்டியலிலிருந்து நீக்கவும், அதைச் சுற்றியுள்ள நிலத்தில் மதிலும் காவல் வாயிலும் வைத்த குடியிருப்பு ஒன்றைக் கட்ட அனுமதிக்கவும் சென்ற மாதக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றினீர்கள். தீவிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில், பிற்பகல் இரண்டு மணிக்கு, வேலைக்குப் போகிற எவரும் வர இயலாத நேரத்தில் கூடிய கூட்டம் அது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு நான் வந்திருந்தேன். எனக்குத் தரப்பட்ட மூன்று நிமிடத்தில் பேசினேன். நான் அமர்ந்த பிறகு உங்களில் ஒருவர், “அந்தக் குடும்பங்கள் தாமாகவே விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன, போகிறவர்களை நாம் பிடித்து நிறுத்த முடியாது” என்றார். மற்ற எவரும் மறுத்துப் பேசவில்லை. தீர்மானம் என்னை வருத்தியது. ‘தாமாகவே’ என்ற அந்தச் சொல்தான் இந்த மடலை எழுத வைத்தது.

போவதா இருப்பதா என்று எங்கள் வீட்டில் ஓராண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது உண்மை. என் தம்பி மகன் வட கரோலினாவின் சார்லட் நகரில் வேலை பார்த்து வைத்துவிட்டான். அவனுக்கு இரண்டு சிறு பிள்ளைகள். இங்கே இருந்தால் பாலத்துக்கு அப்பால் உள்ள விடுதிகளில் அறை துடைப்பதையும் புல்வெளி வெட்டுவதையும் தவிர அவனுக்குக் கிடைக்கக்கூடிய வேலை அதிகம் இல்லை. அதற்கும் விடியுமுன் பேருந்து ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டும். பௌர்ணமி, அமாவாசை ஓதங்களில் உப்புநீர் முன்பு எட்டாத இடங்களுக்கெல்லாம் இப்போது வருகிறது. எங்கள் கொல்லைப்புறத்தில் வெண்டை போட்டிருந்த பாத்தி இரண்டு ஆண்டுகளாக உப்புப் பூத்துக் கிடக்கிறது. அவன் போக நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவன் தன் பிள்ளைகளை எண்ணிப் போவது வேறு. அவன் போனபின் திரும்பி வர வழியில்லாதபடி பாதையை அடைப்பது வேறு. முதலாவது அவன் முடிவு. இரண்டாவது நீங்கள் சென்ற மாதம் செய்தது.

இந்த மடல் பொதுவில் வைக்கப்படுவதால், உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. நாங்கள் குல்லா கீச்சி மக்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளிலிருந்தும், அதற்குத் தெற்கே அங்கோலா வரையிலான நாடுகளிலிருந்தும் எங்கள் முன்னோர் சங்கிலியில் கொண்டுவரப்பட்டார்கள். நெல்லை அறிந்தவர்கள் என்பதற்காகவே பலரை விலை கொடுத்து வாங்கினார்கள். சதுப்பில் மரம் வெட்டி, கரை கட்டி, மதகு வைத்து, ஓதம் ஏறும்போது நன்னீரை உள்ளே விட்டு இறங்கும்போது வடித்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து அவர்கள் விளைவித்த கரோலினா பொன்னெல்தான் சார்ல்ஸ்டனைச் செல்வ நகராக்கியது. அந்தக் கரைகள் இன்றும் சதுப்பில் தெரிகின்றன. விமானத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அவை வயல் வரப்புகள்போல் கோடு கோடாகத் தெரியும் என்று சொல்வார்கள். நான் படகிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 நவம்பர் 7 அன்று போர்ட் ராயல் கழிமுகத்தில் வடவர் படையின் கப்பல்கள் பீரங்கி முழக்கிய நாளில் தோட்ட முதலாளிகள் நிலத்தையும் வீட்டையும் போட்டுவிட்டு ஓடினார்கள். எங்கள் மக்கள் ஓடவில்லை. முதலாளிகள் கட்டாமல் விட்ட கூட்டாட்சி வரிக்காக அந்தத் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டு, 1863 முதல் அவற்றில் ஒரு பகுதியை விடுதலை பெற்ற குடும்பத் தலைவர்களுக்குச் சிறு சிறு துண்டுகளாக விற்றது. 1865 ஜனவரியில் வடவர் படையின் ஷெர்மன் தளபதி தம் ஆணையின் மூலம் கரையோர நிலத்தை நாற்பது ஏக்கர் வீதம் பிரித்துக் கொடுக்கச் சொன்னதும், அதே ஆண்டு இறுதிக்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்ததும் எல்லாரும் அறிந்த கதை. ஆனால் எங்கள் நிலம் அப்படிக் கிடைத்ததல்ல. என் பாட்டனின் பாட்டன் பருத்தி எடுத்த கூலியைச் சேர்த்துப் பத்து ஏக்கரைப் பணம் எண்ணிக் கொடுத்து வாங்கினார். அதற்கான ரசீது, நான்காக மடித்த மடிப்புகளில் கிழிந்து, பெரியம்மாவின் விவிலியத்துக்குள் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. சிறு வயதில் அந்தக் குறியின் மேல் விரல் வைத்துப் பார்க்க எங்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் கை கழுவிவிட்டு வர வேண்டும்.

புலம்பெயர்தல் எங்களுக்குப் புதியதல்ல. 1893 ஆகஸ்டில் இந்தத் தீவுகளின் மேல் அடித்த பெரும்புயலில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மாண்டார்கள். வயல்களில் உப்புநீர் ஏறியது. அன்றே பலர் சவன்னாவுக்கும் சார்ல்ஸ்டனுக்கும் போனார்கள். பிறகு பருத்திக் காய்வண்டு வந்து, 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீவுப் பருத்தி முற்றிலும் அழிந்தது. என் தாத்தாவோடு பிறந்த ஐவரில் மூவர் ஃபிலடெல்ஃபியாவுக்கும் நியூயார்க்கின் ஹார்லெமுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஆனாலும் அவர்கள் ஊரை விட்டவர்கள் அல்லர். வரி கட்டும் மாதத்தில் அங்கிருந்து பணம் வரும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை இங்கே அனுப்புவார்கள். வீச்சு வலை வீசவும், இறால் பிடிக்கவும், மடவை மீனைக் கீறி உப்பிடவும் அந்த நகரத்துப் பிள்ளைகள் இங்கேதான் கற்றார்கள். இறந்தபோது அவர்கள் உடல் ரயிலில் வந்தது. எங்கள் வடகரையில் ஹார்லெமில் இறந்தவர்கள் நால்வர், டெட்ராய்ட்டில் இறந்தவர் ஒருவர், கொரியப் போரில் இறந்தவர் ஒருவர் அடங்கியிருக்கிறார்கள். போனவர்களுக்குத் திரும்பி வர ஓர் இடம் இருந்தது என்பதால்தான் அவர்களால் போகவே முடிந்தது.

இப்போது அந்த இடத்துக்குச் செல்லும் பாதையின் குறுக்கே எண்களை அழுத்தித் திறக்கும் ஒரு வாயில் வந்துவிட்டது. அந்த எண்கள் எங்களுக்குத் தரப்படவில்லை.

அண்மையில் என் அத்தையின் நினைவு நாளன்று நானும் பெரியம்மாவும் அங்கே போனோம். பெரியம்மாவுக்கு வயது 84. வாயிலில் நின்ற காவலர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். ஆனால் விற்பனை அலுவலகத்தில் இரண்டு நாள் முன்னதாக எழுதிக் கேட்டு அனுமதிச் சீட்டு வாங்கி வர வேண்டும் என்றார். கல்லறை தனியார் நிலத்துக்குள் இருந்தாலும் அங்கே அடங்கியவர்களின் வாரிசுகளுக்கு உரிமையாளர் வழி விட வேண்டும் என்று இந்த மாநிலத்தின் சட்டமே சொல்கிறது. அதை அவரிடம் சொன்னேன். அந்தச் சட்டம் அவருக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டியவர் அவரும் அல்லர். பெரியம்மா தாம் கொண்டுவந்திருந்த சங்குகளையும் அத்தை கடைசியாகக் காப்பி குடித்த நீலக் கோப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு காரிலேயே முக்கால் மணி நேரம் அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

அந்தக் கோப்பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இறந்தவர் கடைசியாகக் கையாண்ட பொருளை நாங்கள் கல்லறையின் மேல் வைப்போம். கோப்பை, மருந்துப் புட்டி, மூக்குக் கண்ணாடி, இறந்த நேரத்தில் நிறுத்திய கடிகாரம். வெண்சங்குகளையும் சிப்பிகளையும் பரப்புவோம், ஏனென்றால் நீர்தான் எங்களைக் கொண்டுவந்தது, நீரே எங்களை மீண்டும் அழைத்துப் போகும் என்பது எங்கள் பெரியவர்களின் வாக்கு. கல் வாங்க வசதியில்லாதவர்கள் தலைமாட்டில் ஒரு சீடர் மரத்தையோ யக்கா என்னும் கூரிலைச் செடியையோ நட்டார்கள். சென்ற இலையுதிர் காலத்தில் நிலம் அளக்க வந்தவர்கள் அந்தப் பொருள்களைக் குப்பை என்று எண்ணி மூன்று சாக்கில் அள்ளிக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்கள் உங்களிடம் கொடுத்த வரைபடத்தில் 31 கல்லறைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவை கல் நட்டவை மட்டுமே. யக்காக்களுக்கும் சீடர் மரங்களுக்கும் கீழே இருப்பவர்களைப் பெரியம்மா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் காட்டுவார். வரைபடத்தில் அந்தப் பகுதி ‘புதர், அகற்றப்பட வேண்டியது’ என்று எழுதப்பட்டிருக்கிறது. இதை அந்த மூன்று நிமிடத்தில் உங்களிடம் சொன்னேன். நிகழ்ச்சிக் குறிப்பில் ‘பொதுமக்கள் கருத்து கேட்கப்பட்டது’ என்று மட்டும் பதிவாகியிருக்கிறது.

கல்லறையைப் பற்றி ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். ஜார்ஜியாவில் ஹாரிஸ் நெக் என்னும் ஊரில் அமீலியா டாலி என்ற பெண்மணி பாடிய, தமக்கே பொருள் தெரியாத சில வரிப் பாட்டை 1930களின் தொடக்கத்தில் மொழியியலாளர் லொரென்சோ டவ் டர்னர் பதிவு செய்தார். அது மெண்டே மொழி என்று பின்னர் தெரிந்தது. 1990களில் ஆய்வாளர்கள் அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு சியரா லியோனில் ஊர் ஊராகப் போனபோது, ஓர் உள்கிராமத்தில் ஒரு பெண் அதைக் கேட்டதும் கூடவே பாடினார். கல்லறையருகில் இறந்தவரை வழியனுப்பும் சடங்கில் பெண்கள் பாடும் பாட்டு அது. 1997இல் அமீலியாவின் மகள் கடல் கடந்து அந்தக் கிராமத்துக்குப் போனார். இருநூறு ஆண்டு அடிமைத்தனத்தில் எத்தனையோ இழந்தோம். தாயிடமிருந்து மகளுக்கு வந்து எஞ்சிய அந்தப் பாட்டு, கல்லறைப் பாட்டு. அந்த ஹாரிஸ் நெக் ஊர் நிலத்தை 1942இல் போர் விமானத் தளத்துக்காக அரசு எடுத்துக்கொண்டது. போர் முடிந்தும் அது குடும்பங்களுக்குத் திரும்ப வரவில்லை; 1962 முதல் அது வனவிலங்குப் புகலிடம். அங்கே வாழ்ந்தவர்களும் ‘தாமாகவே’ போனவர்கள் அல்லர்.

இனி வரியைப் பற்றி. எங்கள் பத்து ஏக்கரில் இன்று எஞ்சியிருப்பது ஆறரை. அது இன்னும் 1931இல் காலமான என் கொள்ளுப்பாட்டனின் பெயரிலேயே இருக்கிறது. கறுப்பினத்தவருக்கு நீதிமன்றம் நம்பத்தக்க இடமாக இல்லாத காலத்தில் உயில் எழுதாமல் நிலத்தைப் பொதுவில் விட்டுச் செல்வதே பாதுகாப்பு என்று எங்கள் பெரியவர்கள் நினைத்தார்கள். ஒருவர் விற்க நினைத்தாலும் எல்லாரும் சேர வேண்டும், ஆகவே நிலம் குடும்பத்தை விட்டுப் போகாது என்பது அவர்கள் கணக்கு. இன்று அதற்கு 43 வாரிசுகள். அவர்களில் யாராவது ஒருவரின் பங்கை வெளியார் வாங்கிக்கொண்டு பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் நிலம் முழுவதும் ஏலத்துக்குப் போய்விடும் என்ற நிலையில்தான் இந்தக் கரையோரக் குடும்பங்கள் பலவும் நிலத்தை இழந்தன. மாநிலச் சட்டமன்றம் 2016இல் இயற்றி 2017 முதல் நடைமுறைக்கு வந்த, மறைந்த மாநில செனட்டர் கிளெமென்டா பிங்க்னியின் பெயரைத் தாங்கிய சட்டம், மதிப்பிட்ட விலையில் அந்தப் பங்கை மற்ற வாரிசுகளே முதலில் வாங்கிக்கொள்ள வழி செய்தது. அதற்காக நன்றியுடையோம். ஆனால் வரி பாக்கிக்காக நடக்கும் ஏலத்திலிருந்து அந்தச் சட்டம் எங்களைக் காப்பதில்லை.

இந்த மாநிலத்தில் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு மதிப்பில் நான்கு விழுக்காட்டின் மேலும், குடியிருக்காதவருக்கு ஆறு விழுக்காட்டின் மேலும் வரி கணக்கிடப்படுகிறது. நான்கு விழுக்காட்டுக்காரருக்குப் பள்ளி நடத்தும் செலவுக்கான வரியும் இல்லை. பெரியம்மா மவுன்ட் ப்ளெசன்ட்டில் பிறந்து, அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ஒரு நாளும் வேறெங்கும் குடியிருந்ததில்லை. ஆனால் பத்திரம் அவர் பெயரில் இல்லை என்று சொல்லி நான்கு ஆண்டுகளாக அவரிடம் ஆறு விழுக்காட்டுக் கணக்கில் வரி வாங்கப்படுகிறது. 2016இல் மேத்யூ புயல் கூரையைப் பிய்த்தபோதும் அதே காரணத்தைச் சொல்லித்தான் உதவி மறுக்கப்பட்டது. அந்தக் கூரையின் ஒரு பக்கத்தில் இன்னும் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். இதற்கு மேல், பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போனதோ அதை வைத்து எங்கள் நிலத்தின் மதிப்பை ஏற்றியிருக்கிறீர்கள். நாங்கள் நிலத்தை விற்கவில்லை. அதில் சேனைக்கிழங்குபோல் பருத்த சர்க்கரைவள்ளியும் பயறும் போடுகிறோம். பக்கத்தில் நீச்சல்குளம் வந்தது என்பதற்காக எங்கள் பயறு விலை ஏறிவிடவில்லை.

சென்ற ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, தக்காளியில் வேகவைத்த சிவப்புச் சோறும் வெண்டைக்காய்ச் சாறும் சாப்பிட்ட அதே மேசையில் வரி நோட்டீஸை விரித்து வைத்து எட்டுப் பேர் பேசினோம். ஃபிலடெல்ஃபியா உறவினர்கள் தொலைபேசியில் இருந்தார்கள். விற்றுப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று தம்பி மகன் தாளில் போட்டுக் காட்டினான். குரலில் ஆசை இல்லை, களைப்புதான் இருந்தது. பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் கூடை பின்னிக்கொண்டிருந்தார். ஒரு பிடி இனிப்புப்புல்லைக் கோரையோடும் பைன் ஊசிகளோடும் சேர்த்துச் சுருட்டி, பாமெட்டோ பனை ஓலைக் கீற்றால் முந்தின சுற்றோடு இறுக்கித் தைக்க வேண்டும். ஓலை நுழைய இடம் செய்வதற்குத் தேக்கரண்டிக் காம்பை உடைத்துத் தேய்த்த ஒரு கருவி வைத்திருக்கிறார். அதை நாங்கள் இன்னும் ‘எலும்பு’ என்றே சொல்கிறோம். முன்னாளில் அது எலும்பால் ஆனது. அவர் பின்னிக்கொண்டிருந்தது முறம், நெல் புடைத்த அதே வடிவம். இந்தக் கரையில் நெல் நின்று நூறாண்டு ஆகிறது, முறம் நிற்கவில்லை. அன்று அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “இந்தப் புல்லை நான் விலை கொடுத்து வாங்கினேன்.” அவர் புல் அறுத்த மணல்மேடுகள் இரண்டும் இப்போது மதிலுக்குள் இருக்கின்றன. அந்தக் கூடையின் படம் உங்கள் அலுவலக நுழைவாயிலில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருப்பதை நான் பார்த்தேன். எங்கள் கைவேலையை நீங்கள் மதிக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். அப்படியானால் புல் வளரும் இடத்துக்கு அவரைப் போக விடுங்கள்.

உங்களால் வேறு வகையில் முடிவெடுக்க முடியாது என்று சொன்னால் அதை ஏற்க இயலாது. இதே மாநிலத்தின் செயின்ட் ஹெலினா தீவில் 1999 முதல் நடைமுறையில் உள்ள பண்பாட்டுக் காப்பு விதி, மதில் சூழ்ந்த குடியிருப்புகளையும் கோல்ஃப் திடல்களையும் உல்லாச விடுதிகளையும் தடுக்கிறது. 2023இல் அங்கே ஒரு கோல்ஃப் திடலுக்காக அதைத் தளர்த்தக் கோரியபோது, மக்கள் திரண்டு வந்து பேசினார்கள். பியூஃபர்ட் கவுன்டி மன்றம் விதியைக் காத்தது. அதே 2023இல் ஜார்ஜியாவின் சாப்பெலோ தீவில், ஹாக் ஹம்மக் ஊரில் வீடுகளின் பரப்பு 1,400 சதுர அடிக்கு மிகக் கூடாது என்று இருந்த வரம்பை மெக்கின்டாஷ் கவுன்டி 3,000 ஆக உயர்த்தியது; வரி தாங்காமல் வெளியேற நேரும் என்று அந்த ஊரார் அன்றே அஞ்சிச் சொன்னார்கள். ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956இல் பாலம் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எங்கள் மக்கள். இன்று அவர்கள் அங்கே சிறுபான்மை. தங்கள் மூதாதையர் கல்லறைக்குப் போக அவர்களில் சிலர் குடியிருப்பு வாயிலில் அனுமதி கேட்கிறார்கள். இந்த மூன்று ஊர்களும் உங்கள் கண்முன் இருக்கின்றன. எதைப் பின்பற்றுவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்.

2006இல் அமெரிக்கக் காங்கிரஸ், வட கரோலினா முதல் ஃப்ளோரிடா வரையிலான இந்தக் கரையை குல்லா கீச்சி பண்பாட்டு மரபு வழித்தடமாக அறிவித்தது. நெடுஞ்சாலையில் அதற்குப் பலகை வைத்திருக்கிறீர்கள். பலகையைப் பார்த்து வருகிறவர்களிடம் யார் பேசுவார்கள்? ‘நீங்கள்’ என்பதற்கு ‘ஊனா’ என்கிற, விடியலை ‘டே க்ளீன்’ என்கிற எங்கள் மொழியைப் பேசியதற்காக என் அம்மா பள்ளியில் அடி வாங்கினார். அதனால் என்னிடம் அவர் அதைக் குறைவாகவே பேசினார். பெரியம்மாவிடமிருந்துதான் நான் கற்றேன். தம்பி மகனின் பிள்ளைகள் அதைக் கேட்டுப் புரிந்துகொள்வார்கள், பதில் ஆங்கிலத்தில் வரும். சார்லட்டில் அவர்கள் கேட்கக்கூட மாட்டார்கள். ஆண்டுக்கு ஒரு மாதம் இங்கே வந்து, வெறுங்காலோடு சேற்றில் இறங்கி, சிப்பி வெட்டி ரத்தம் வந்து, பெரியம்மாவின் ஏச்சை வாங்கினால் அந்த மொழி அவர்களிடம் கொஞ்சம் ஒட்டும். அதற்கு வீடு வேண்டும், துறை வேண்டும், துறைக்குப் பாதை வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பவற்றைத் தெளிவாக எழுதுகிறேன். பாதையைப் பட்டியலிலிருந்து நீக்கிய தீர்மானத்தை ரத்து செய்து, கல்லறைக்கும் படகுத்துறைக்கும் செல்லும் வழியை எவர் அனுமதியும் வேண்டாத பொதுவழியாகப் பதிவு செய்யுங்கள். அதுவரை அந்த வாயிலைத் திறந்து வைக்க உத்தரவிடுங்கள். கல்லறைத் தோட்டத்தின் எல்லையை, தொல்லியல் அறிந்தவர்களையும் எங்கள் குடும்பப் பெரியவர்களையும் சேர்த்து நிறுத்தி, தரையடி ஆய்வோடு மீண்டும் அளக்கச் செய்யுங்கள். அந்த அளவு முடிந்து பதிவாகும்வரை அங்கே ஒரு மரமும் வெட்டப்படக் கூடாது, ஒரு கட்டட அனுமதியும் தரப்படக் கூடாது. அள்ளிக் கொண்டுபோன மூன்று சாக்குப் பொருள்களும் எங்கே இருக்கின்றன என்று விசாரித்து எங்களிடம் திரும்பச் சேர்ப்பியுங்கள்.

வாரிசுகள் பொதுவில் வைத்திருக்கும் நிலத்தில் உண்மையில் குடியிருப்பவருக்கு, உறவைக் காட்டும் உறுதிமொழிப் பத்திரத்தையும் மின் கட்டண ரசீதையும் ஏற்றுக்கொண்டு நான்கு விழுக்காட்டு வரியை வழங்குங்கள். பெரியம்மாவிடம் கூடுதலாக வாங்கிய நான்கு ஆண்டுத் தொகையைத் திருப்பிக் கொடுங்கள். வரி பாக்கிக்காக எந்தத் தீவு நிலத்தையும் ஏலத்துக்கு வைக்குமுன், இறந்தவரின் பெயருக்குக் கடிதம் அனுப்பிவிட்டு நின்றுவிடாமல், அங்கே குடியிருப்பவரின் கையில் நோட்டீஸ் கொடுங்கள். தவணையில் கட்ட வழி செய்யுங்கள். செயின்ட் ஹெலினாவில் இருப்பதைப் போன்ற பண்பாட்டுக் காப்பு விதியை இந்தத் தீவுக்கும் கொண்டுவர வரைவு தயாரியுங்கள். கூடை முடைவோர் புல் அறுக்கும் பருவத்தில் மணல்மேடுகளுக்குப் போய்வர, புதிய குடியிருப்பின் அனுமதியில் நிபந்தனை சேருங்கள். இவை பற்றிய விசாரணையைத் தீவிலேயே, எங்கள் தேவாலயக் கூடத்தில், மாலை ஆறு மணிக்குமேல், ஒரு மாத முன்னறிவிப்போடு நடத்துங்கள். பெரியவர்கள் தங்கள் மொழியில் பேசட்டும். அவர்கள் பேசியது முழுவதும் பதிவாகட்டும்.

எழுத்தில் பதில் வேண்டும். டிசம்பர் 31 அன்று இரவு விழிப்பு ஆராதனைக்கு எங்கள் குடும்பம் முழுவதும் தீவுக்கு வரும். 1862இல் அதே இரவில் விடுதலைப் பிரகடனத்துக்காக எங்கள் முன்னோர் விழித்திருந்தார்கள். மறுநாள் போர்ட் ராயலில் ஓக் மரங்களின் அடியில் அது வாசிக்கப்பட்டதைக் கேட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வாரிசுகள் இந்த ஆண்டு அதற்காக வருகிறார்கள். மறுநாள் காலை, பயறும் சோறும் சாப்பிட்ட பிறகு, 43 பேரில் வந்திருப்பவர்கள் அனைவரும் அமர்ந்து நிலத்தைப் பற்றி முடிவெடுக்கப்போகிறோம். தம்பி மகன் சார்லட்டுக்குப் போகலாம். அது அவன் விருப்பம். ஆனால் மேசையில் உங்கள் பதில் இருக்க வேண்டும். அது டிசம்பர் முதல் வாரத்துக்குள் எங்களுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். பெரியம்மாவின் பெயருக்கு அனுப்புங்கள், தீவின் அஞ்சல் அலுவலகத்தில் அவரை எல்லாருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
வடகரைக் குடும்பத்தின் மூத்த மகள்